சீனி டப்பாவைத் தராசில் வைத்த கோடை

பங்குனி மாதத்து முதல் திங்கள்கிழமை. காலையில் காப்பி போடுவதற்கு முன்னால் சீனி டப்பாவை எடுத்துத் தராசில் வைத்தேன். டப்பாவோடு சேர்த்து 2,310 கிராம். அடுத்த திங்கள் காலை அதே டப்பா 1,370 கிராம் காட்டியது. சமையலுக்கும் பலகாரத்துக்கும் தனி டப்பா இருக்கிறது. ஆக ஏழு நாளில் 940 கிராம் சீனி, காப்பி, டீ, பால், எலுமிச்சை ஜூஸ் வழியாக மட்டுமே எங்கள் வீட்டில் போயிருக்கிறது.

பாளையங்கோட்டையில் இருக்கிறோம். அத்தை, நான், இவர், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகன், மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் என்று ஐந்து பேர். அத்தைக்குச் சர்க்கரை வியாதி, அதனால் சீனி கிடையாது. அவருக்குக் கருப்பட்டிக் காப்பிதான். அதை அப்புறம் சொல்கிறேன். மீதி நான்கு பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 33 கிராமுக்கு மேல் வருகிறது.

தராசை எடுக்க வைத்தது இரண்டு ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள். மாசி கடைசியில் அத்தைக்கு வெறும் வயிற்றில் சுகர் 168. அதே வாரம் எனக்கு ஹீமோகுளோபின் 9.4. ஒருவருக்கு ஏறிப்போச்சு, இன்னொருத்திக்கு இறங்கிப்போச்சு. டாக்டர் என்னிடம் முதலில் கேட்ட கேள்வி, “சாப்பிட்டு முடிச்சதும் காப்பி குடிப்பீங்களா?” என்பதுதான். சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்பார் என்று நினைத்துப் போயிருந்தேன். வீட்டில் யார் என்ன குடிக்கிறோம் என்று அன்று வரை நான் கணக்குப் பார்த்ததே இல்லை. சாப்பாட்டுக்கு எண்ணெய் அளந்து ஊற்றுவேன், அரிசியை உழக்கில் அளப்பேன். தம்ளரில் போவதை மட்டும் அளந்ததில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன அளவு இது: நாம் சேர்க்கும் சீனி, வெல்லம், தேன், ஜூஸில் இருக்கும் சர்க்கரை எல்லாம் சேர்ந்து, ஒரு நாள் மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்குள் நிற்க வேண்டும். அதையும் பாதியாக்கினால் இன்னும் நல்லது. பெரியவர்களுக்கு அந்தப் பாதி என்பது சுமார் 25 கிராம். பிள்ளைகளுக்கு அதற்கும் கீழே.

இன்னும் இரண்டு கணக்கு பாக்கி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கறிச்சாப்பாட்டுக்கு இரண்டேகால் லிட்டர் கோலா பாட்டில் ஒன்று வரும். 100 மில்லிக்குப் பத்தரை கிராம் என்று வைத்தால் அந்த ஒரு பாட்டிலில் 236 கிராம் சர்க்கரை. பிள்ளைகளுக்குப் பாலில் கலக்கும் மால்ட் பவுடர் வாரம் அரைக் கிலோ. டப்பாவைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருப்பதை முதல் தடவையாகப் படித்தேன். ‘சேர்க்கப்பட்ட சர்க்கரை’ என்று தனி வரியே இருக்கிறது. 100 கிராமுக்கு 30-க்கு மேல். அரைக் கிலோவில் 160 கிராம் வந்தது. எல்லாவற்றையும் கூட்டினால் வாரத்துக்கு 1,336 கிராம். ஆளுக்கு நாளொன்றுக்கு 47 கிராமுக்கு மேல். பிஸ்கட், மிட்டாய், கோயில் பிரசாதம் எதுவும் இந்தக் கணக்கில் இல்லை.

அன்று சாயங்காலம் 1,336 கிராம் சீனியை ஒரு பெரிய தட்டில் கொட்டிச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மகள் தான் கேட்டாள், “அம்மா, யாருக்குக் கல்யாணம்?” என்று.

கரண்டி

முதலில் மாற்றியது டப்பாவுக்குள் கிடந்த கரண்டியை. பழைய கரண்டியில் கூம்பாக அள்ளினால் 7 கிராம், விரலால் தட்டிச் சமமாக்கினால் 4 கிராம். “ரெண்டு ஸ்பூன்தானே போடுதேன்” என்று இவர் சொல்வது எட்டாகவும் இருக்கலாம், பதினாலாகவும் இருக்கலாம். கேக் செய்பவர்கள் வைத்திருக்கும் அளவுக் கரண்டி செட் ஒன்று வாங்கி, 5 மில்லி கரண்டியை டப்பாவில் போட்டேன். மூடியின் ஓரத்தில் தட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று வைத்தோம். சுவை மாறவில்லை என்று எல்லாரும் சொன்ன அந்த முதல் வாரத்திலேயே 130 கிராம் குறைந்தது.

சொல்லாமல் குறைக்கிற வேலையை ஒரு தடவை முன்பே செய்து பார்த்திருக்கிறேன். இவர் ஒரு வாய் குடித்துவிட்டு, எழுந்து போய் ஒரு கரண்டி அள்ளிப் போட்டுக்கொண்டார். குறைத்ததைவிடக் கூடுதலாகப் போனது. அதனால் இந்த முறை சொல்லிவிட்டே செய்தேன். பத்து நாளுக்குக் கால் கரண்டி. இரண்டிலிருந்து ஒன்றுக்கு வர நாற்பது நாள். நாக்குக்குப் பழக அவகாசம் கொடுத்தால் அது பழகுகிறது. மூன்றாவது பத்தில் இவர் சொந்தக்காரர் வீட்டில் காப்பி குடித்துவிட்டு வந்து, “பாயசம் மாதிரி இருந்துச்சு” என்றார்.

ஆனால் சீனியைக் குறைத்தால் மட்டும் போதாது, டிகாக்‌ஷனையும் திருத்த வேண்டும். எங்கள் வீட்டில் காலையில் இறக்கிய டிகாக்‌ஷனையே சாயங்காலமும் சூடு பண்ணுவோம். போதாததற்கு இரண்டாம் தண்ணீர் ஊற்றி அதையும் சேர்த்துக்கொள்வோம். அந்தக் கசப்பை மறைக்கத்தான் இரண்டு கரண்டி தேவைப்பட்டிருக்கிறது என்பது, ஒரு நாள் டிகாக்‌ஷனைத் தனியாக நாக்கில் வைத்துப் பார்த்தபோது தெரிந்தது. காலையில் இறங்கியதில் வாசனை இருந்தது. சாயங்காலம் சூடு பண்ணியதில் கரிந்த கசப்பு மட்டும்தான்.

இப்போது சிக்கரி நூற்றுக்கு நாற்பது பங்கு கலந்த பொடியை விட்டுவிட்டு, இருபது பங்கு கலந்ததை 200 கிராமாக வாங்குகிறேன். பாக்கெட்டில் சிக்கரி எவ்வளவு என்று போட்டிருக்கும். ஃபில்டரின் மேல்பாத்திரத்தில் பொடியைப் போட்டு, உள்ளே வைக்கும் குடை போன்ற தட்டால் லேசாகச் சமப்படுத்துகிறேன், அழுத்துவதில்லை. தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் இறக்கி, அரை நிமிஷம் விட்டு, சுற்றிச் சுற்றி ஊற்றுகிறேன். இரண்டாம் தண்ணீர் கிடையாது. காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் என்று இரண்டு தடவை இறக்குகிறேன். சூடு பண்ணுவது பாலை மட்டும்தான். கூடுதல் வேலை பத்து நிமிஷம். பாலில் இயல்பாகவே ஒரு மெல்லிய இனிப்பு உண்டு. டிகாக்‌ஷன் சரியாக இருந்தால் அது மேலே வருகிறது.

என் ஹீமோகுளோபினுக்கு நேரத்தை மாற்ற வேண்டியிருந்தது. எட்டேகாலுக்கு இட்லி, கையோடு காப்பி என்பதுதான் பத்து வருஷப் பழக்கம். காப்பியிலும் டீயிலும் இருக்கும் டானின், சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேர விடுவதில்லை. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் ஒரு மணி நேரம் பின்னும் காப்பி, டீ வேண்டாம் என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது. இப்போது ஆறு மணிக்குக் காப்பி, எட்டரைக்குச் சாப்பாடு. சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காயைத் தட்டிப் போட்ட தண்ணீர் ஒரு தம்ளர். வைட்டமின் சி இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். மாத்திரையும் எடுத்தேன். மூன்று மாதத்தில் 11.2 ஆனது. பன்னிரண்டைத் தொட வேண்டும், இன்னும் பாக்கி இருக்கிறது.

பானை

இந்த வேலையிலேயே எனக்கு அதிகம் பிடித்ததும், அதிகம் படுத்தியதும் பானைதான்.

பிள்ளைகள் ஃபிரிட்ஜைத் திறப்பது தாகத்துக்கு. அங்கே கோலா இருந்தால் கோலா, ஜூஸ் இருந்தால் ஜூஸ். நல்ல குளிர்ந்த தண்ணீர் ஃபிரிட்ஜுக்குப் போகாமலே கிடைத்தால் பாதி சண்டை இல்லை என்று தோன்றியது. நாதஸ்வரத்துக்குப் பேர்போன காருகுறிச்சி மண்பாண்டத்துக்கும் பேர்போனது. அங்கே போய்க் குழாய் வைத்த பானை ஒன்று, பன்னிரண்டு லிட்டர் பிடிப்பது, வாங்கி வந்தோம்.

புதுப் பானையைச் சோப்பு போட்டுக் கழுவக் கூடாது. மண் சோப்பைக் குடித்துவிட்டுப் பிறகு தண்ணீரில் விடும். வாளியில் ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடி நிறைத்து, மறுநாள் கொட்டி, மூன்றாம் நாள்தான் குடிக்க வைத்தேன். குழாய் இருந்த இடத்தில் சொட்டுச் சொட்டாகக் கசிவு. ராத்திரிக்குள் ஒரு செம்பு நிறைந்தது. இவர் ஸ்பேனரை எடுத்துவந்து, உள்ளே இருந்த நட்டை முறுக்கினார். ‘டிக்’ என்று ஒரு சத்தம். குழாய் ஓட்டையிலிருந்து மேலே விரல் நீளத்துக்குக் கீறல். முதல் பானை அப்படிப் போயிற்று. இப்போது அதில் கற்றாழை வளர்கிறது.

இரண்டாவது பானையில் நான் அவசரப்படவில்லை. கசிவதற்குக் காரணம் நட்டு தளர்வாக இருப்பது இல்லை. ஓட்டையைச் சுற்றி மண் மேடுபள்ளமாக இருப்பதால் வாஷர் ஒட்டி உட்காருவதில்லை. விரலை வைத்துத் தடவினாலே தெரியும். பானை காய்ந்திருக்கும்போது, உப்புத்தாளை இரண்டு விரலில் சுற்றி, ஓட்டையைச் சுற்றி ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு உள்ளும் வெளியும் மெதுவாகத் தேய்த்தேன். செம்மண் மாவு மாதிரி உதிர்ந்தது. கால் மணி நேரத்தில் வழவழவென்று ஆகிவிட்டது. குழாயோடு வந்த மெல்லிய வாஷரைத் தூரப் போட்டுவிட்டு, ஹார்டுவேர் கடையில் தடித்த ரப்பர் வாஷர் இரண்டு வாங்கினேன், உள்ளே ஒன்று வெளியே ஒன்று. நட்டைக் கையால் மட்டும் முறுக்கினேன், அது தானாக நின்ற இடத்தில் நிறுத்திக்கொண்டேன். எம்-சீல் பசை வைத்து அடைத்துவிடலாம் என்று இவர் சொன்னார். குடிக்கிற தண்ணீரில் அது படுவதில் எனக்குச் சம்மதமில்லை. ராத்திரி செம்பு காய்ந்தே இருந்தது.

பானையின் மேல்புறம் ஈரமாக வேர்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஈரம் ஆவியாகும்போதுதான் உள்ளே சூடு இறங்குகிறது. அதனால் மேலே பெயின்ட் அடித்த பானை அழகாக இருந்தாலும் வேண்டாம். சமையலறை மூலையில் வைத்தபோது தண்ணீர் சும்மா ஆறியிருந்தது, அவ்வளவுதான். தெற்குப் பக்கத்து ஜன்னலோரம், மணல் பரப்பிய தட்டில் மாற்றி வைத்த பிறகு, வெளியே 37 டிகிரி அடித்த மத்தியானத்தில் பானைத் தண்ணீர் 28 காட்டியது. ஆனி பிறந்து, செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இறங்க ஆரம்பித்ததும் இன்னும் குளிர்ந்தது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பானை தண்ணீரைக் குளிரவைக்கும், சுத்தமாக்காது. கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரைத்தான் ஊற்றுகிறோம். இரண்டு நாளுக்கு ஒரு தடவை கவிழ்த்து, தேங்காய் நார் போட்டு உள்ளே தேய்த்துக் கழுவுகிறேன். மூன்றாவது மாதத்தில் வெளியே வெள்ளையாக உப்புப் பூத்தது. நுண்துளைகள் அடைபட்டால் வேர்ப்பது குறைந்துவிடும். எலுமிச்சைத் தோலால் தேய்த்ததும் சரியானது.

பானைத் தண்ணீருக்கு மணம் வேண்டும் என்று தோன்றினால் நன்னாரி. கடையில் விற்கும் சர்பத் பாட்டில் இல்லை, வேர். சர்பத் பாகில் பெரும்பகுதி சீனிதான். நான் வீட்டில் காய்ச்சிய காலத்தில் ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ போட்டிருக்கிறேன். நன்னாரி வேரைக் கழுவி, அம்மிக்கல்லில் லேசாகத் தட்டினால் மேல்பட்டை பிளந்துகொள்ளும். நடுவில் இருக்கும் வெளுத்த கட்டையான நரம்பை உருவி எறிந்துவிட வேண்டும், மணம் எல்லாம் பட்டையில்தான். தட்டின உடனே அடுப்படி முழுக்க அந்த வாசனை ஏறும். சர்பத் கடை முன்னால் நிற்பது போல இருக்கும். ஒரு பிடி பட்டையை வெள்ளைத் துணியில் முடிந்து ராத்திரி பானையில் போட்டால் காலையில் தண்ணீர் மணக்கிறது. இனிப்பே இல்லை. ஆனால் அந்த மணம் இனிப்பை ஞாபகப்படுத்துகிறது. மகளுக்கு அது போதும். மகனுக்குப் போதவில்லை. அவனுக்கு எலுமிச்சை பிழிந்து, ஒரு கல் உப்பும் ஒரு கரண்டி சீனியும் போட்டுக் கொடுக்கிறேன். முன்பு இரண்டரை போட்டுக்கொண்டிருந்தான்.

மால்ட் டப்பாவுக்குப் பதில்

பிள்ளைகளின் மால்ட் பவுடரை நிறுத்துவதில் எனக்கே தயக்கம் இருந்தது. நான் வளர்ந்ததும் அதில்தான். விளம்பரத்தில் உயரம் வளரும், மூளை வளரும் என்று கேட்டுக் கேட்டு மனசில் பதிந்துபோய்விட்டது. நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘ஹெல்த் டிரிங்க்’ என்று ஒரு வகையே கிடையாது. 2024 ஏப்ரலில், இணையக் கடைகள் பாலும் தானியமும் மால்ட்டும் கலந்த பானங்களை அந்தப் பெயரில் அடுக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொன்னது. அதே வருஷம் ஜூனில், கெட்டியாக்கிய சாற்றில் தண்ணீர் கலந்து செய்யும் ஜூஸ் டப்பாக்களில் ‘100 சதவீதம் பழச்சாறு’ என்று போடுவதை எடுக்கச் சொன்னது. இதைப் படித்த பிறகு டப்பாவின் முன்பக்கத்தை நான் படிப்பதில்லை.

மால்ட் என்றால் முளைகட்டிக் காயவைத்த தானியம், அவ்வளவுதான். அதைக் கேழ்வரகில் நாமே செய்யலாம். கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, அரிசியும் கோதுமையும் பக்கத்தில் வர முடியாது.

முதல் தடவை ஒரு கிலோவும் வீணாயிற்று. பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, சரியாக வடியவிடாமல் ஈரம் சொட்டச் சொட்டத் துணியில் கட்டி, எவர்சில்வர் தூக்கில் மூடி வைத்தேன். சித்திரை வெயில் புழுக்கம் வேறு. மறுநாள் பிரித்தால் கொழகொழவென்று புளித்த நாற்றம், ஓரத்தில் பூஞ்சை. பூஞ்சை பிடித்ததைக் கழுவிப் பயன்படுத்தக் கூடாது. மொத்தத்தையும் கொட்டினேன்.

இரண்டாம் தடவை அரைக் கிலோதான் போட்டேன். நான்கு தண்ணீர் அலசி, கல் அரித்து, ராத்திரி ஊறவைத்து, காலையில் வடிதட்டில் ஒரு மணி நேரம் சொட்டு நிற்கும்வரை விட்டேன். பிறகு பருத்தித் துணியில் தளர்வாக முடிந்து, மூடாமல் கூடையில் வைத்து, காலையும் மாலையும் கையால் தண்ணீர் தெளித்துப் புரட்டிவிட்டேன். ஒன்றரை நாளில் ஒவ்வொரு மணியிலும் வெள்ளை முளை, தானியத்தின் நீளத்துக்கு வந்துவிட்டது. இதற்கு மேல் விட்டால் கசக்கும். நிழலில், காற்றாடிக்குக் கீழே வேட்டியில் பரப்பி இரண்டு நாள் காயவைத்தேன். வாயில் போட்டுக் கடித்தால் ‘கடுக்’ என்று உடைய வேண்டும். பிறகு இரும்புச் சட்டியில் சின்னத் தீயில் மணம் வரும்வரை வறுத்து, ஏலக்காய் நாலு போட்டு மில்லில் கொடுத்து அரைத்தேன்.

முளைகட்டாத கேழ்வரகு மாவைக் காய்ச்சினால் சட்டென்று களி மாதிரி இறுகும். முளைகட்டியதில் மாவுச்சத்தைப் பிரிக்கும் நொதி உண்டாகிவிடுவதால் நீர்க்க நிற்கும், சிறிது இனிப்பும் தட்டும். ஒரு மேஜைக்கரண்டி மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகே அடுப்பில் வைத்து ஐந்து நிமிஷம் துழாவ வேண்டும். கொதிநீரில் மாவைப் போட்டால் கட்டிதான். கஞ்சி வெந்ததும் பால் அரைத் தம்ளர். மகளுக்கு அரைக் கரண்டி சீனி போட்டேன், பதினைந்து நாள் கழித்து ஒரு பேரீச்சம்பழத்தை நசுக்கிப் போட்டு அதையும் எடுத்துவிட்டேன். பழமும் இனிப்புதான், ஆனால் நாரோடு போகிறது, ஒன்றோடு நிற்கிறது.

மகன் ஏழு நாள் பொறுத்தான். எட்டாவது நாள், “அம்மா, இது எனக்கு வேண்டாம், என்னைக் கட்டாயப்படுத்தாதீங்க” என்றான். சரி என்றேன். பதினாலு வயசுப் பையன், அவனுக்கும் ஒரு வாய் இருக்கிறது. இப்போது காலையில் வெறும் பால், அரைக் கரண்டி சீனி. விளையாடிவிட்டு வந்ததும் மோர்.

கோலா பாட்டில் நின்ற இடத்தில் இன்று மோர் பாட்டில் நிற்கிறது, ஃபிரிட்ஜ் கதவில், திறந்ததும் கைக்கு எட்டுகிற தட்டில். ஒரு தம்ளர் தயிருக்கு நாலு தம்ளர் தண்ணீர். கெட்டி மோர் தாகம் தீர்க்காது, வயிற்றை அடைக்கும். மத்தால் கடைந்து மேலே வருகிற வெண்ணெயை எடுத்துவிட்டு, இஞ்சி ஒரு சிறு துண்டு, பச்சைமிளகாய் பாதி, கறிவேப்பிலை ஒரு ஆர்க்கு, மல்லித்தழை, இவற்றை உரலில் இடித்துப் போட்டு ஒரு சிட்டிகைப் பெருங்காயம். உப்பில் கவனம் வேண்டும். சீனியை எடுத்துவிட்டு உப்பை அள்ளிப் போட்டால் என்ன பிரயோஜனம்? ஒரு நாள் முழுவதற்கும் உப்பு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. ஐந்து தம்ளர் மோருக்கு அரைக் கரண்டி உப்புக்கு மேல் போடுவதில்லை. தயிர் அன்றன்று உறை ஊற்றியதாக இருக்க வேண்டும். புளித்த தயிர் மோரை மகன் மோந்து பார்த்தே வைத்துவிடுகிறான். முந்தின நாள் தயிர் மோர்க்குழம்புக்குப் போகிறது.

இடையில் ஒன்று. மூன்று வருஷத்துக்கு முன்னால் மகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது, மருந்துக்கடையில் ஓஆர்எஸ், அதாவது போக்கில் இழந்த நீரை ஈடுகட்டும் உப்பு-சர்க்கரைக் கரைசல், கேட்டேன். அட்டை டப்பாவில் ஆரஞ்சு ருசியில் ஒரு பானத்தைக் கொடுத்தார்கள். பெயரில் அந்த மூன்றெழுத்து இருந்தது. இனிப்பு தாங்கவில்லை, போக்கு இன்னும் கூடியது. அதிகச் சீனி குடலுக்குள் தண்ணீரை இழுக்கும் என்று பிறகு டாக்டர் சொல்லித்தான் தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான், மீதி 7 கிராம் உப்பு வகைகள், மொத்தம் 20.5 கிராம். அந்த அளவில் இல்லாத பானங்கள் ஓஆர்எஸ் என்ற எழுத்துகளைப் பெயரில் வைக்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. பிள்ளை வைத்திருப்பவர்கள் பொடி பாக்கெட்டில் இந்த எண்களைப் பார்த்து வாங்குங்கள். நான் அன்று பார்க்கவில்லை என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

அத்தையின் கருப்பட்டி

அத்தைக்கு ஊர் உடன்குடிப் பக்கம். பனங்காட்டில் வளர்ந்தவர். மரத்தில் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டி இறக்கிய பதநீரை, விடியற்காலையில் பனையோலைப் பட்டையில் வாங்கிக் குடித்தது, அதில் மாங்காய்த் துண்டு மிதந்தது, எல்லாம் நேற்று நடந்ததுபோலச் சொல்வார். அவர் காப்பியிலிருந்து கருப்பட்டியை எடுப்பது வெறும் இனிப்பை எடுப்பது அல்ல, எனக்கு அது தெரியும்.

“ஏளா, கருப்பட்டிக்கு சுகர் ஏறாதுன்னு ஊரே சொல்லுது. நீ மட்டும் என்ன கணக்கு பாக்க?” என்றார்.

“அத்தை, நான் சொல்லலை. மெஷினைக் கேப்போம்” என்றேன்.

கருப்பட்டியில் இரும்பு, தாதுக்கள் கொஞ்சம் உண்டு. ஆனால் அதன் பெரும்பங்கு சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். அவர் போடும் துண்டை நிறுத்துப் பார்த்தேன், 13 கிராம். தினம் மூன்று காப்பி. ஒரு நாள் வழக்கம்போல மூன்று இட்லி, கருப்பட்டிக் காப்பி. இரண்டு மணி நேரம் கழித்து வீட்டுக் கருவியில் விரலைக் குத்திப் பார்த்தோம், 246. மறுநாள் அதே மூன்று இட்லி, அதே சட்னி, காப்பியில் இனிப்பு இல்லை. 198. ஒரு நாள் பார்த்ததை வைத்து முடிவு சொல்லக் கூடாது என்று மூன்று நாள் மாற்றி மாற்றிப் பார்த்தோம். எண்கள் முன்னே பின்னே இருந்தன, ஆனால் கருப்பட்டி நாள் எப்போதும் மேலே. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கருவியை ரொம்ப நேரம் பார்த்தார்.

“அப்ப ஊரு சொன்னது பொய்யாளா?” என்றார். அந்தக் குரல் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பதிலுக்கு எதையாவது கொடுக்காமல் எடுத்துக்கொள்ள மனசு வரவில்லை. சுக்குமல்லிப் பொடி இடித்தேன். சுக்கு 50 கிராம், மேலே சுண்ணாம்பு பூசியிருந்தால் கத்தியால் சுரண்டிவிட்டு உடைத்துக்கொள்ள வேண்டும். கொத்தமல்லி விதை 100 கிராம், மிளகு ஒரு மேஜைக்கரண்டி, சீரகம் இரண்டு தேக்கரண்டி, ஏலக்காய் பத்து. மல்லியை மட்டும் வறுக்கும்போது கண்ணை எடுக்கக் கூடாது, ஒரு நிமிஷம் கூடினாலும் கருகும். ஒரு தம்ளர் தண்ணீருக்கு முக்கால் கரண்டி பொடி, நன்றாகக் கொதித்து அடங்கிய பிறகு பால் ஒரு சொட்டு. முதல் நாள், “இது கஷாயமா, காப்பியா?” என்று கேட்டார். மல்லியை இன்னும் கூட்டி, மிளகைப் பாதியாக்கியதும் கேள்வி நின்றது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, காலைக் காப்பிக்கு மட்டும் சுண்டைக்காய் அளவு, 4 கிராம் கருப்பட்டி, அவரே உடைத்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. நாளுக்கு 39 கிராம் நாலாக நின்றது.

இளநீரைப் பற்றியும் டாக்டரிடம் கேட்டோம். இனிப்பு குறைவுதான், வாரம் ஒன்று இரண்டு போதும், ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதில் இருக்கும் பொட்டாசியத்துக்காக டாக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது என்றார். அத்தைக்குச் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு இளநீர் அவருக்கு.

பன்னிரண்டாவது வாரம்

மறுபடி திங்கள் காலை, மறுபடி தராசு. ஒரு வாரத்துக்குப் போனது 390 கிராம். மால்ட் டப்பாவும் ஞாயிற்றுக்கிழமை பாட்டிலும் இப்போது வீட்டுக்குள் வருவதில்லை. நான்கு பேருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 14 கிராம். அத்தையின் வெறும் வயிற்றுச் சுகர் 141-க்கு வந்தது. அந்த மாதங்களில் மாத்திரை அளவையும் டாக்டர் மாற்றினார், அதனால் எல்லாப் பெருமையையும் சுக்குக் காப்பிக்குக் கொடுக்க மாட்டேன்.

வந்தவர்களுக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுக்காமல் அனுப்புவது எங்கள் பக்கம் மரியாதைக் குறைவு. அதை எப்படிச் சமாளிப்பது என்று பயந்தேன். நாத்தனார் குடும்பத்தோடு வந்த அன்று, பானையிலிருந்து நன்னாரித் தண்ணீரை எடுத்து, எலுமிச்சை பிழிந்து, பனை நுங்கு நாலு சுளையை நறுக்கிப் போட்டு, கண்ணாடித் தம்ளரில் கொடுத்தேன். ஆளுக்கு ஒரு கரண்டி சீனிதான். நாத்தனார் இரண்டாவது தம்ளர் கேட்டுவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை காருகுறிச்சிக்குக் கூட்டிப்போகச் சொன்னார். பானை எடுத்துக் கொடுத்தேன், உப்புத்தாளும் இரண்டு தடித்த வாஷரும் சேர்த்து.

எட்டாதது இவருடைய சாயங்கால டீ. ஆபீஸ் பக்கத்துக் கடையில் பாய்லர் பாலும் சீனியும் முன்கூட்டியே சேர்ந்தே கொதிக்கிறது. “சீனி கம்மி” என்று சொன்னால் மாஸ்டர் தலையாட்டுகிறார், டீ அதே இனிப்பில் வருகிறது. போன வாரத்திலிருந்து பாலில்லாத லெமன் டீ சொல்லிப் பார்க்கிறார், அதில் சீனி தனியாகத்தான் விழும். அரைக் கரண்டி போதும் என்று சொல்லி, விழுவதை நின்று பார்க்கிறாராம்.